இடது மூலையில் ஒரு சாவி

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் மவுஸை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. 2012இல் கடையைக் காலி செய்த அன்று மேசை, நாற்காலி, ஒயர், டப்பா டப்பாவாகக் கிடந்த சிடி எல்லாவற்றையும் பழைய சாமான்காரர் அள்ளிக்கொண்டு போனார். இதை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அடியில் உருண்டை வைத்த அந்தக் காலத்து மவுஸ். இடது பொத்தானில் விரல் படுகிற இடம் தேய்ந்து வழவழவென்றிருக்கும். பாதித் தேய்ச்சல் ஊர்ப் பிள்ளைகளுடையது, மீதி என் தாய்மாமாவுடையது. பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. எடுத்து அமுக்கினால் இப்போதும் டிக் என்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் உடனே உள்ளே வைத்துவிடுவேன். ஆனாலும் அவ்வப்போது எடுத்து அமுக்கிப் பார்க்கிறேன்.

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓயாமல் கத்துகிற ஒரு மின்விசிறி. ரிசல்ட் பார்க்க வருகிற மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரின் முகம் பார்த்துப் பேச லால்பேட்டையிலிருந்து வருகிற பெண்கள் என்று பகலெல்லாம் ஆள் இருக்கும். கேம் சிடியும் வாடகைக்குக் கொடுப்பேன். பையன்களுக்குச் சுடுவதும் ரேஸ் ஓட்டுவதும் போதும். எனக்குப் பைத்தியம் வேறு வகை ஆட்டத்தின் மேல். திரையில் ஒரு பாழடைந்த வீடு வரும். எதைத் தொடலாம் என்று மவுஸை நகர்த்தித் தேட வேண்டும். தொடக்கூடிய பொருளின் மேல் போனால் அம்புக்குறி ஒரு குட்டிக் கையாக மாறும். அமுக்கினால் பொருள் நம்மிடம் வந்துவிடும். அதை வைத்து அடுத்த கதவைத் திறந்து கதைக்குள் போகலாம். அவசரமே இல்லாத ஆட்டம்.

முதன்முதலாக ஆடுகிறவருக்கு இவற்றில் எதைக் கொடுப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. பாதியில் செத்துப்போகிற ஆட்டத்தைக் கொடுக்கக் கூடாது, பயந்து ஓடிவிடுவார்கள். கடிகாரம் ஓடுகிற ஆட்டமும் கூடாது. முதல் அறையில் ஒரு பொருளை எடுக்க மறந்தால் பத்தாவது அறையில் வந்து கழுத்தை அறுக்கிற ஆட்டங்கள் உண்டு, அதையெல்லாம் எழுதியவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். எனக்கு முக்கியமாக வேண்டியது, ஒரு பொத்தானைத் தட்டினால் அந்தப் படத்தில் தொடக்கூடிய பொருள்கள் எல்லாம் ஒரு கணம் மினுக்கிக் காட்ட வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அந்த மினுக்கல் பெரிய தைரியம். இத்தனையும் தேறிய சிடியின் உறையில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பச்சை நிறத்தில் எடுத்து ஒட்டிவிடுவேன். கடையில் மொத்தம் நான்கே நான்கு பச்சைப் பொட்டுதான் இருந்தன.

மாமா, அம்மாவின் தம்பி. கடலூர் சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் டிரைவர். மதியம் வண்டி சிதம்பரத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டிலேயே கால் நீட்டிவிடுவார்கள். 2006 ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர் காக்கிச் சட்டையோடு மாடியேறி வந்தார்.

“என்னா மருமவளே, மொதலாளி ஆயிட்ட, மாமனுக்கு ஒரு டீ கூட கெடயாதா?”

“டீ சொல்றேன் மாமா. ஒக்காருங்க.”

“அப்டியே ஒரு கேம் போட்டுக் குடு. சுடறது வேணாம். வண்டி ஓட்டறது சத்தியமா வேணாம், நாள் பூரா அதத்தான பண்றேன். தேடி எடுக்கறா மாதிரி ஒண்ணு இருக்குன்னு பொங்கலுக்கு வந்தப்ப வாய் ஓயாம பேசுனியே. அதுலயே ரொம்ப ஈஸியா, கொழந்தைங்க ஆடறா மாதிரி குடு.”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பச்சைப் பொட்டுகளிலேயே ஆகச் சுலபமானதை எடுத்தேன். கடற்கரையோரம் பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு. முதல் அறை சமையலறை. நடுவில் ஒரு விளக்கு தொங்கும். அடுப்படி, ஜன்னல், ஜாடி என்று தொடக்கூடியவை ஏழு. இடது மூலையில், கீழே, கூடைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சாவி. அதை எடுத்தால் அடுத்த அறை. மாமா மூன்றே நிமிடத்தில் சாவியை எடுத்தார். பலே என்றேன். அவர் எழுந்துவிட்டார். மறுநாளும் வந்தார். “மொதல்லேருந்து போடு,” என்றார். அதே சமையலறை, அதே சாவி. அடுத்த அறைக்குப் போகவே இல்லை. இப்படி வாரத்தில் மூன்று நாள் வருவதும், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த விளக்கையே வெறித்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. கதைக்குள்ளேயே போகாமல் வாசலில் நிற்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

தீபாவளி கழிந்து ஒரு நாள், சாவியை எடுக்க மவுஸை எங்கெங்கோ உருட்டிக்கொண்டிருந்தார். “அதோ இருக்கே மாமா,” என்றேன். “எங்க?” என்று முகத்தை மொத்தமாக இடது பக்கம் திருப்பினார். “உங்களுக்கெல்லாம் எவன் மாமா லைசென்ஸ் குடுத்தான்?” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அதை இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆட்டம் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே. இன்னும் பெரிய பெரிய படமாக, இன்னும் குறைந்த பொருள்களோடு ஒரு சிறுபிள்ளை ஆட்டத்தைத் தேடிப் பிடித்து, அவர் வருவதற்கு முன்பே போட்டு வைத்தேன். வந்து பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. “யாரு மாத்தச் சொன்னா? அந்த வூட்டையே போடுடி!” என்று கத்தினார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை அவர் ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை. பழைய சிடியைப் போட்டேன்.

கடை காலியானதும் அவரே கூப்பிட்டார். “அந்த மினுக்கற பொத்தான அமுக்கு,” என்றார். அமுக்கினேன். கண்ணை விளக்கிலிருந்து எடுக்காமல் எண்ணினார். “அஞ்சு,” என்றார்.

“ஏழு மாமா.”

“தெரியும். ஆடியில ஏழும் தெரிஞ்சுது. புரட்டாசில ஆறு.”

பாண்டியில் டாக்டரைப் பார்த்திருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும், சொட்டு மருந்து போட்டால் நிற்கலாம், போனது திரும்பாது. நேர்ப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்திருக்கிறார். “இதுக்கு எதுக்கு மாமா கேமு?” என்றேன். “கஷ்டமான கேமா இருந்தா, எனக்குத் தெரியலயா புரியலயான்னு கொழப்பமாயிடும். ஈஸியா இருந்தாத்தான் கண்ணு மேல பழி போட முடியும்,” என்றார். நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஆட்டம் அதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது.

வண்டியை விட்டு இறங்குங்கள் என்று அழுதேன். அவர் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “இது ரத்தத்துல வர்றதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா கண்ணு போற குடும்பம்னு பேராயிடும், புள்ள வூட்டுக்காரங்க ஒரே பேச்சா நிறுத்திடுவாங்க. காரணம் சொல்லாம பாதியில வண்டிய வுட்டாலும் தோண்டித் துருவுவாங்க. தையில பொண்ண அனுப்பிட்டு மறுநாளே எறங்கிடறேன். நீ ஆருகிட்டயும் சொல்லக் கூடாது,” என்று என் உச்சந்தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். ரத்தத்தில் வருவது என்று அவர் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. அந்த ரத்தத்தில் நானும் சேர்த்தி என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. கழுகுக் கண் எனக்கு.

அதன்பிறகு ஒரு முறை வேண்டுமென்றே அவர் வண்டியில் கடலூர் போனேன். டிரைவருக்கு வலது பக்கம்தான் சொந்தம், இடது பக்கம் கண்டக்டருடையது. முன்படியில் தொங்கிக்கொண்டு, “லெஃப்ட்ல சைக்கிளு, வா வா, ரைட் ரைட்” என்று கண்டக்டர் குரல் கொடுத்துக்கொண்டே வருவார். அந்த வண்டியில் அவர் முன்படியை விட்டு நகர மாமா சம்மதிப்பதே இல்லை என்றும், டிக்கெட் போடக்கூட நிறுத்தத்தில்தான் விடுகிறார் என்றும் கண்டக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்வரை முன்கம்பியைப் பிடித்த பிடி விடாமல் உட்கார்ந்திருந்தேன். மாமா வளைவுகளை வாய்ப்பாடு மாதிரி ஓட்டினார். பின்னால் ஐம்பது அறுபது பேர் தூங்கி வழிந்துகொண்டு வந்தார்கள்.

மார்கழி பிறந்தது. மினுக்கலில் அவருக்கு நான்குதான் தெரிந்தன. அதை ஒரு தாளில் குறித்துக்கூட வைத்தார். தினமும் மதியம் அவர் வண்டியின் ஹாரன் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. பஸ் முதலாளிக்கு ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். நம்பரைப் பாதிவரை அழுத்திவிட்டு வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அதற்குள் அச்சாகி வந்துவிட்டது.

திருவாதிரைக்குத் தேர் பார்க்க ஊரே சிதம்பரத்துக்குக் கிளம்பும். அன்று காலை முதல் டிரிப்பிலேயே முன்படியில் ஆட்கள் தொங்கியிருக்கிறார்கள். கண்டக்டர் பின்பக்கக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார். புதுச்சத்திரம் நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது இடது ஓரமாக ஒரு பால்காரர் சைக்கிளில் வந்திருக்கிறார். பின்சக்கரம். உயிர் பிழைத்தார். வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

நல்ல பனி அன்று. பனியால் நடந்தது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பஸ்ஸில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் மாமாவைக் குற்றம் சொல்லவில்லை. அம்மா என்னிடம், “எமகாதகப் பனிடி,” என்றாள். நானும், “ஆமாம்மா, என்னா பனி,” என்றேன். இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களில் அதற்குச் சமமாக இன்னொன்று கிடையாது.

நான்கு நாள் கழித்து மாமா மாடியேறி வந்தார். மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் போடச் சொல்லவில்லை. அணைந்த திரையைப் பார்த்தபடி மவுஸின் பொத்தானை மட்டும் டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். “கொரல் வரல மருமவளே. கொரல் வரலன்னா யாரும் இல்லன்னு எடுத்துட்டேன்,” என்றார். அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. விபத்துக்குப் பிறகு மனசு விட்டுப்போச்சு என்று எல்லோரும் நம்பினார்கள், சம்பந்தி வீட்டாரும்தான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

மாமா போன வருடம் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு வருடம் சுவரைத் தடவித்தான் நடந்தார். சர்க்கரையால் வந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். நான் இன்றைக்கும் புதுச்சத்திரம் வழியாகப் போனால் வலது பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். நிறுத்தத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

சென்ற மாதம் சமையல் மேடையில், என் இடது கைக்குப் பக்கத்தில் இருந்த டம்ளரை இரண்டு முறை தட்டிவிட்டேன். மூன்றாவது முறை தட்டியதும் பாண்டிக்குப் பஸ் ஏறினேன். “ரத்த சொந்தத்துல யாருக்காவது இருந்துச்சாம்மா?” என்று டாக்டர் கேட்டார். “என் தாய்மாமாவுக்கு,” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. “அப்பவே வந்து பாத்திருக்கலாமே,” என்றார்.

இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒயர் கோத்த ஒரு பொத்தானை நர்ஸ் பெண் என் கையில் கொடுத்தாள். நடுவில் தெரிகிற மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும், சுற்றி எங்காவது சின்ன வெளிச்சம் வந்தால் அமுக்க வேண்டும். “ரொம்ப ஈஸிம்மா, பதட்டமே படாதீங்க,” என்றாள். அவசரம் இல்லை. சாவும் இல்லை. பச்சைப் பொட்டு கையில் இருந்திருந்தால் ஒட்டியிருப்பேன்.

முதல் வெளிச்சம் மேலே வந்தது. அமுக்கினேன். டிக். வலது பக்கம் ஒன்று, டிக். கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் இயந்திரத்துக்குள் மெல்லியதாக ஒரு ‘சர்ர்’ கேட்கிறது. கண் வேண்டாம், அந்தச் சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் சரியாக அமுக்கிவிடலாம். பாஸ் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மீண்டும் ‘சர்ர்’ என்றது. நான் மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம், கீழே, கூடைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை.