வாஷர் மாற்ற இரண்டு கவிஞர்கள்

அல்சூரில் ஒரு குழாய் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால் அந்த நாட்களில் யாரும் மணிக்கணக்குச் சொல்ல மாட்டார்கள். வாஷர் மாற்றுவது இரண்டு கவி வேலை. மூட்டு ஒழுகினால் மூன்று கவி. பழைய பைப்பைப் பிடுங்கிப் புதிது போடுவதென்றால் நான்கு. "மேஸ்திரி என்ன பண்றாரு?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "கோயில் பாட்டுக்காரர்கிட்ட வந்துட்டாரு" என்று பதில் வரும். உடனே அங்கே குடத்தைக் கழுவத் தொடங்குவார்கள்.

மேஸ்திரி என்பது அப்பாதுரை. சாப்பர் பட்டாளத்தில் இருந்து, சண்டைக் காலத்தில் சிரியாவில் பாதை போட்டு, நாற்பத்தாறில் வெளியே வந்து, பாலம் கட்டிய கையால் குழாய் பிடித்தவர். குள்ளமான, அகலமான மனிதர். கோடையிலும் பட்டாளத்துக் காக்கிக் கோட்டைக் கழற்ற மாட்டார். அதன் பைகளில் ஸ்பானர்கள் இருந்ததால் அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும்.

அவர் தொழில்முறை இப்படி. முதலில் வால்வை மூடுவார். பிறகு வாயைத் திறப்பார். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால சிரியாவுல ஒரு கவி இருந்தாரு" என்று ஆரம்பித்து, சிரியா தேசத்துக் கவிஞர்களைக் காலவரிசையில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வேலை செய்வார். தண்ணீர் நின்று போன வீட்டில் யார் எங்கே ஓட முடியும்? குடத்தோடு நின்று கேட்பார்கள். ஆனால் வேலை முடிந்து தண்ணீர் வந்ததும் அத்தனை பேரும் குழாயடிக்கு ஓடிவிடுவார்கள். கவிகள் பாதியில் நிற்பார்கள்.

மறுநாள் இன்னொரு வீட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர்வாரா என்றால், மாட்டார். மறுபடி முதலிலிருந்துதான். நடுவில் யாராவது தும்மி, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாலும் முதலிலிருந்துதான். ஒரு முறை என் அம்மா, முதல் இரண்டு பேரைத்தான் பத்து வருஷமாகக் கேட்டாகிவிட்டதே, மூன்றாமவரிடமிருந்து ஆரம்பிக்கக்கூடாதா என்று கேட்டிருக்கிறாள்.

"நடுவுல ஏறினா அது எந்த ஊரு பஸ்ஸுன்னு தெரியுமா அக்கா?" என்றாராம் அப்பாதுரை.

இதனால் முதல் கவியை அல்சூர் முழுவதற்கும் மனப்பாடமாகத் தெரியும். அந்த நாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாததால் ஊரே ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிட்டது. முதலாமவர் மாலைக்காரர், மற்றவர்கள் பாட்டையெல்லாம் பறித்து ஒரே மாலையாகக் கட்டியவர். இரண்டாமவர் கோயில் பாட்டுக்காரர். பெண்பிள்ளைகளுக்குக் கீர்த்தனை எழுதிப் பாடவும் கற்றுக் கொடுத்தவர். அவரை என் அம்மாவுக்குப் பிடிக்கும், நாங்களும் அவரைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்பதால். மூன்றாமவர் வசைக்காரர். எதிரிக் கவியை வருஷக்கணக்காகத் திட்டியே பாட்டு எழுதியவர் என்பதால் குழாயடியில் அவருக்குத்தான் செல்வாக்கு. நான்காமவர் பனிக்காரர், பனியில் மாட்டிக்கொண்டு நண்பர் வீட்டுப் புத்தகத்தையெல்லாம் படித்துத் தீர்த்தவர். வரிசைக்கும் வர்ணனைக்கும் அப்பாதுரைதான் பொறுப்பு. நான் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாமவர் வீம்புக்காரர். அவரை ஊர் ஒரே ஒரு தடவைதான் சந்தித்தது. ஐம்பத்தாறில் தெருவின் பெரிய குழாயே வெடித்து, நாற்பது பேர் குடத்தோடு காத்திருந்த நாள். வழிப்பறிக் கூட்டத்தைக் கண்டு வீம்புக்காரர் குதிரையைத் திருப்பி ஓடுகிறார். கூட வந்த வேலைக்காரன், "இரவும் குதிரையும் வாளும் என்னை அறியும்னு பாடினது நீங்கதானே" என்கிற மாதிரி ஏதோ கேட்டுவிடுகிறான். வெட்கப்பட்ட கவி குதிரையைத் திரும்பவும் திருப்புகிறார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது. கவி பிழைத்தாரா செத்தாரா என்று ஏழு வருஷம் அல்சூரில் விவாதம் நடந்தது.

அந்தக் குழாய் வெடித்தது நான் ஊரில் இல்லாதபோது. ஒரு எண்ணெய்க் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏடன் போய், அவர்களோடு பெய்ரூட், டமாஸ்கஸ் என்று சுற்றி, ஆறு வருஷம் கழித்து அறுபத்திரண்டில் திரும்பினேன். வந்த நாலாம் நாள் வீட்டுக் குழாய் ஒழுகியது. அப்பாதுரை வந்தார், வால்வை மூடினார், நான் எந்தெந்த ஊர் போனேன் என்று பேச்சுவாக்கில் கேட்டார். சொன்னேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவிகளை ஆரம்பிக்காமல் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

அலெப்போ போனதுண்டா என்றார். பஸ்ஸில் போகும்போது இரண்டு மணி நேரம் நின்றோம் என்றேன். அங்கே கோவேறு கழுதைக்காரர்கள் யாரையாவது பார்த்தேனா என்றார். கழுதைகளைப் பார்த்தேன் என்றேன். என்ன நிறம் என்று கேட்டார். சும்மா கேட்கவில்லை, பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தார்.

அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். நாற்பத்திரண்டு குளிர்காலத்தில் அலெப்போவுக்கு வெளியே பாதை போட்டார்களாம். கல் சுமக்கக் கழுதைகளோடு வந்தவர் ஒரு கவி. முதல் உலகச் சண்டையின்போது பஸ்ராவில் நம் பட்டாளத்து ஆட்களோடு இருந்ததால் உடைந்த இந்துஸ்தானி பேசுவார். அப்பாதுரைக்குத் தெரிந்தது தெருவில் கற்ற தக்னி உருது. இரண்டும் சேர்ந்து ஒரு பாஷை ஆயிற்று. அந்த ஒரு குளிர்காலத்தில் சிரியாவின் எட்டுப் பெரிய கவிகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, ஒன்பதாவதாகத் தன்னையும் சேர்த்துக்கொண்டார். பட்டாளம் கிளம்பும்போது ஒரு வாக்குக் கேட்டார். முதல் எட்டுப் பேருக்குப் புத்தகம் இருக்கிறது, தனக்கு இல்லை. அதனால் அப்பாதுரையின் ஊரில் ஒரு சபை நடுவே, ஒரே ஒரு தடவை, தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு முன்னால் வைக்கக்கூடாது, மரியாதையில்லை. தனியாகவும் சொல்லக்கூடாது, யார் இந்தக் கழுதைக்காரன் என்பார்கள். எட்டும் முடிந்து ஒன்பதாவதாக.

"கைய புடிச்சி சரின்னுட்டேன் பாப்பா. இருபது வருஷமாச்சு. அஞ்சாவதத் தாண்டல."

அந்தப் பெயரைக் கேட்டேன். சபை இல்லையே என்று சொல்லி மறுத்துவிட்டார்.

முயற்சிக்குக் குறைவில்லை. நாற்பத்தேழில், தன் கல்யாணப் பந்தியிலேயே இலை போட்டதும் ஆரம்பித்திருக்கிறார். வசைக்காரரோடு ரசம் வந்துவிட்டது. அன்றைக்கே அவர் மனைவி சரசு, கவிகள் வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். எனக்கு அவளே சொன்னது: "ஒருத்தர கட்டிக்கினு வந்தேன். பின்னாடியே ஒம்போது பேரு வந்தா எங்க உக்கார வெக்கிறது?"

ஏரிக்கரைத் தமிழ் மன்றத்தில் குழாய் உடைந்தது அவருடைய அதிர்ஷ்டம். மன்றத்துச் செயலாளர் ஞானசேகரன், பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர், கூலி என்ன என்று கேட்டபோது, ஆண்டு விழாவில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்றார் அப்பாதுரை. சிறப்புப் பேச்சாளர் வேறு யாரும் கிடைக்காத வருஷம் அது. நோட்டீஸ் அச்சாயிற்று. 'சிறப்புரை: சிரியக் கவிஞர்கள், அன்றும் இன்றும்.' கடைசி வரியில், 'நன்றியுரை: வெளிநாடு சென்று திரும்பிய செல்வி அல்போன்சா.' அது நான்.

அறுபத்துமூன்று பிப்ரவரி, ஞாயிறு மாலை ஐந்தரைக்கு விழா தொடங்கியது. எட்டு மணிக்கு அதே மண்டபத்தில் ஒரு நாடகக் குழு ஒத்திகைக்கு வரவேண்டும். மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. வரவேற்புரையில் ஞானசேகரன் கவிதை என்றால் என்ன என்பதை முப்பத்தைந்து நிமிஷம் விளக்கினார். தலைமையுரை, ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார் கோவிந்தப்பா. சிரியாவுக்கு அவர் போனதில்லை, ஆனால் காசிக்குப் போயிருக்கிறார். காசிப் பயணத்தை ரயில் நிலையம் விடாமல் சொன்னார். பிறகு வாழ்த்துரை, அதற்குப் பிறகு இன்னொரு வாழ்த்துரை. அப்பாதுரை மைக் முன்னால் வந்தபோது மணி ஏழே முக்கால். ஒட்டுத்தாடியோடு நாடகக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

கோட்டுப் பைகளில் அன்று ஸ்பானர் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக்கைக் குழாய் மாதிரிப் பிடித்துக்கொண்டார். "சபையோரே, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால..." என்று தொடங்கினார். கோயில் பாட்டுக்காரரை நெருங்கும்போது ஞானசேகரன் துண்டுச்சீட்டு நீட்டினார். அப்பாதுரை அதை வாங்கி மைக்கிலேயே படித்தார்.

"நேரம் குறைவு. சுருக்கிப் பேசவும். சரிங்க வாத்தியாரே." சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "சபையோரே, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால..."

இரண்டாம் சீட்டு வந்தது. அதையும் படித்துவிட்டு மறுபடி மாலைக்காரர். மூன்றாம் சீட்டுக்கும் அதே கதி. பேச்சாளரை நிறுத்த நம்மவர்களிடம் கடைசியாக ஒரு ஆயுதம் உண்டு. ஞானசேகரன் எழுந்து வந்து, வாக்கியத்தின் நடுவில் மாலை போட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாதுரை மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து சரசு அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எனக்குக் கால் இரண்டும் துடித்தன. எப்போது வெளியே போவோம் என்று நினைத்தபடிதான் எழுந்தேன். கையில் நன்றி சொல்லவேண்டிய பெயர்களின் பட்டியல்: தலைவர், செயலாளர், பெஞ்சு கொடுத்தவர், மைக் செட்டுக்காரர், சுண்டல் உபயம், இப்படி இருபத்தெட்டுப் பேர். எதிரே பார்த்தால் அந்த இருபத்தெட்டுப் பேரும் நாற்காலி நுனியில், தங்கள் பெயர் எப்போது வரும் என்று என் வாயையே பார்க்கிறார்கள். நம் ஊரில் சிறப்புரையின்போது எழுந்து போனவன் உண்டு. தன் பெயர் வராமல் நன்றியுரையில் எழுந்து போனவன் கிடையாது.

மைக்கில், பட்டாளத்தில் இருந்த அண்ணன்தான் நன்றி சொல்லத் தகுதியானவர் என்று அறிவித்தேன். பட்டியலை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, இந்தப் பேருங்கள கடைசியில படிங்க" என்றேன்.

அப்பாதுரை பட்டியலைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். பாலம் எங்கே தாங்கும் என்று கண்டுகொண்ட சாப்பரின் முகம்.

"நன்றி சொல்றதுன்னா வயசுல மூத்தவங்ககிட்டேர்ந்து ஆரம்பிக்கணும். அதான முறை?"

கோவிந்தப்பா அடக்கமாகத் தலையாட்டி வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"ரெண்டாயிரம் வருஷம் மூத்தவரு ஒருத்தர் இருக்காரு. மாலை கட்டினவரு. அவருக்கு நம்ம முதல் நன்றி."

ஞானசேகரன் அனிச்சையாகச் சீட்டு எழுதத் தொடங்கினார். பக்கத்திலிருந்த சுண்டல் உபயக்காரர் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது குறுக்கே பேசினால் என்ன ஆகும் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு ஆள் காவல் காத்தார்கள். பின்வரிசையில் ஒருவருக்கு இருமல் வந்தபோது நாலு பேர் சேர்ந்து அவர் வாயைப் பொத்தி வெளியே தூக்கிப் போனார்கள். நாடகக்காரர் ஒட்டுத்தாடியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்.

வசைக்காரருக்கு நன்றி, பனிக்காரருக்கு நன்றி. வீம்புக்காரர் குதிரையைத் திருப்பினார், சண்டையிட்டார், செத்தார். ஏழு வருஷமாகப் பிழைத்தார் என்று வாதாடியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், ஓசைப்படாமல். ஆறாமவர் எதிரி நாட்டுச் சிறையிலிருந்து புறாவோடு பேசினார். ஏழாமவருக்குக் கண் தெரியாது. இறைச்சி, முட்டை, தேன்கூடத் தொடமாட்டார். கோவிந்தப்பா "நம்மவர்" என்று முணுமுணுக்கப் போய், பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளை அழுத்தியது. எட்டாவது ஒரு அம்மாள், டமாஸ்கஸில் பெரிய படிப்பாளி. பயணத்தில் அவர் எழுதியதையெல்லாம் கொள்ளைக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள், மறுபடி உட்கார்ந்து எழுதினார். பெண்கள் பக்கம் மூச்சுகூட விடவில்லை.

அங்கே அப்பாதுரை நிறுத்தினார். யாரும் குறுக்கிடவில்லை. அவராகவே நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"ஒம்பதாவது, தௌபீக் ஹம்மாமி. இவருக்குப் புத்தகம் இல்ல. அலெப்போவுல கோவேறு கழுதை ஓட்டுறவரு. 'வழி என்னைவிட என் கழுதைக்கு நல்லாத் தெரியும். ஆனா அது பாட்டு கட்டறதில்ல, அதனால நேரத்துக்கு ஊர் போய்ச் சேருது'ன்னு பாடினவரு. தௌபீக் ஹம்மாமிக்கு, அல்சூர் சார்பா நன்றி."

முடிந்தது. மண்டபம் மெல்ல மூச்சு விட்டது. அப்போது ஞானசேகரன், நல்ல மனுஷன், மன்றத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

"பேரு சரியா விழல மேஸ்திரி. யாருன்னீங்க?"

அப்பாதுரை மைக் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தார். இருநூறு பேருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்து வரும். சுண்டல் ஆறிப்போகும். அவர் வாயைத் திறப்பதற்குள் மண்டபமே எழுந்து நின்று, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தியது.

"தௌபீக் ஹம்மாமி!"

"ஊரு?" என்றார் ஞானசேகரன், எழுதிக்கொண்டே.

"அலெப்போ!"

"தொழில்?"

"கழுதை!" என்றது மண்டபம். பெண்கள் பக்கத்திலிருந்து சரசு குரல் மட்டும் தனியாக வந்தது: "கோவேறு கழுதை, வாத்தியாரே. சரியா எழுதுங்க."

அப்பாதுரை இழுத்த மூச்சைப் பேச்சாக்காமல் அப்படியே விட்டார். இருபத்தெட்டுப் பெயர்களின் பட்டியலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, சரசு தன் பக்கத்தில் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.