சிலையின் வாயில் வைத்த சங்கு

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை மூடியதும், அதன் இயந்திர இரும்பிலேயே கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைச் சிலையாக நிறுத்துவது என்று லயத்து வரிசை வீட்டு ஆட்கள் கூடி முடிவெடுத்தோம். கொழும்பில் வெல்டிங் வேலை பார்ப்பவர்கள் தீபாவளிக்கு வந்தபோது ஒட்டிக் கொடுத்தார்கள். கொழுந்து அரைத்த ரோதைச் சக்கரம் இடுப்பானது, சல்லடைக் கம்பி கூடையானது. நல்லதண்ணிக்குப் போகும் பாதை வளைவில் அவளை நிறுத்தினோம். மலையேறப் போகிறவர்கள் வேனை நிறுத்திப் படமெடுத்தார்கள். எனக்கும் பெருமைதான்.

அதோடு விட்டிருக்கலாம். விடியுமுன் ஊதி லயத்துச் சனங்களை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு விரட்டிய தொழிற்சாலைச் சங்கையும் கழற்றி அவள் வாயில் பொருத்தினோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மார்கழிக் காற்றில் அது தானாக ஊதத் தொடங்கியது. அடித்தொண்டையில் யாரோ அழுவது போலிருக்கும். ஒரு விடியலில் அம்மாவின் பாய் காலி. வேலையிலிருந்து நின்று பல வருஷமான அம்மாவுக்கு நேற்று எது, இன்று எது என்று குழம்பத் தொடங்கியிருந்த காலம் அது. பனிமூட்டத்தில் ஓடித் தேடினேன். பள்ளத்தின் விளிம்பில் நின்றார், இடுப்பில் கொழுந்து பறிக்கப் போகையில் கட்டும் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு. இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் அவ்வளவுதான். தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

“சங்கு ஊதிருச்சு. பிந்திப் போனா கண்டாக்கு, வேலை இல்லன்னு விரட்டிருவாருடா” என்றார்.

அன்றே ஏணி வைத்து ஏறி, சிலையின் வாய்க்குள் ஒரு பழஞ்சாக்கைத் திணித்துக் கம்பியால் இறுக்கினேன். ஏணியைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, “வாய அடைக்கிறீங்களே தம்பி, அவ சும்மா இருப்பாளா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு வீட்டுக் கதவை உள்ளே பூட்டினேன். விடியலில் காற்று அடித்தது, ஊதும் சத்தம் இல்லை. அப்பாடா என்று கிடந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. எழுந்து ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். வேலையை விட்டு நின்ற பெண்கள் எல்லோரும் படங்கு கட்டி, சிலை இருக்கும் திசையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

அம்மா கதவருகே நின்றிருந்தார். “தொறடா. ஊதுறது ஒனக்குக் கேக்கலயா?”

கேட்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தோட்ட வேலைக்கு ஒருநாளும் போகாதவன் நான். ஆனால் ஜன்னலை விட்டு எப்போது வந்தேனோ, கதவடியில் நின்றிருந்தேன். பூட்டில் நுழைத்த சாவியை என் கை திருப்பிக்கொண்டிருந்தது.