நார்மல் ரிப்போர்ட்டும் கார் சாவியும்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சி.டி. ஸ்கேன் எடுப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக ஊரார் மண்டைக்குள் எட்டிப் பார்த்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதை இறக்கி வைத்தவர் வெள்ளகோவில் எண்ணெய் மில்காரர் ஒருவரின் மனைவி.

சரவணம்பட்டியில் மகள் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மில்காரரின் பின்மண்டை சுவரில் மோதியிருந்தது. நடந்தேதான் வந்தார். டேபிளில் படுக்கும்போதே கேட்டார்: "சாப்பிட்டீங்களா அம்மணி?"

"ஆச்சுங்க. தலைய அசைக்காதீங்க."

ஸ்கேன் முடிந்து எழுந்ததும், "சாப்பிட்டீங்களா அம்மணி?" செருப்பு மாட்டும்போது இன்னொரு தரம். கதவருகே இன்னொரு தரம். எங்கள் ஊரில் சண்டைக்கு வந்தவன்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் சட்டையைப் பிடிப்பான். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று நாலு தடவையும் பதில் சொன்னேன்.

படத்தில் ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. ரிப்போர்ட் நார்மல். டூட்டி டாக்டர் கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "சரிங்க" என்றே பதில் வந்ததால் அவரும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் என் பங்குக்கு, "ஒண்ணுமில்லீங்க, தைரியமாப் போங்க" என்றேன்.

கால் மணி நேரத்தில் மனைவி திரும்பி வந்தார், கையில் கார் சாவியோடு. பின்னாலேயே மில்காரர்: "சாவியக் குடு புள்ள, நாந்தான ஓட்டோணும்."

அந்த அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "ஏனுங்க, ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே? கல்யாணமாகி முப்பது வருசத்துல இவரு என்னைய ஒருக்காக்கூடச் சாப்பிட்டியான்னு கேட்டதில்லீங்க. காருகிட்டப் போறதுக்குள்ள ஆறு தடவ கேட்டுப்போட்டாரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டது நினைவில் நிற்காமல்தான் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார். அடியில் குலுங்கிய மூளை அப்படிச் செய்யும், அது சி.டி.யில் தெரியாது. நான் படித்துப் பாஸான பாடம். அவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் இரண்டு பேரும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்களா? டாக்டரிடம் ஓடினேன். கன்கஷன் என்று அட்மிட் செய்தார்.

அன்றோடு "ஒண்ணுமில்லீங்க" என்பதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரு எப்பவுமே இப்படித்தான் பேசுவாருங்களா?" என்று கேட்டு, அதை டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்கு அந்தக் கேள்வி கேட்கத் தெரியாது.

பத்து நாள் கழித்து ரிவ்யூவுக்கு இருவரும் வந்தார்கள். "இப்ப எப்படி இருக்காருங்க?" என்றேன்.

"சாப்பிட்டியான்னு கேக்கறதே இல்லீங்க," என்றார் அந்த அம்மா. "நார்மலாயிட்டாரு."