பொம்மை வீட்டின் பக்கக் கதவு

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்ல, பேத்தி கவிதா எழுதுகிறாள். வாரா வாரம் பத்திரிகையில் வாசிக்கிற உங்களுக்கு இது தெரிந்ததுதான்.

போன ஞாயிறு, மஹய்யாவயில் எங்கள் வீட்டு ஹாலில், என் மகனும் பக்கத்துக் கடை சலீமும் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆறிப்போன தேத்தண்ணி.

பிரச்சினை — எங்கள் மாடி வீட்டுக்கும் அவர் கடைக்கும் இடையிலுள்ள சந்து. எங்கள் பக்கக் கதவு அதில்தான் திறக்கும். மகனின் ஆட்டோ நிற்பதும் அங்கேதான். சலீம் அதை மறித்து மதில் கட்டப் போகிறார்.

"அது எங்கட வாப்பாட காணி," என்றார்.

"வீடு கட்டுன நாள்லேருந்து கதவு இருக்கு நானா. வழி இல்லாமலா கதவு வச்சாங்க?"

மகன் எழுந்து அலுமாரி மேலிருந்த பொம்மை வீட்டை இறக்கினான். இந்த வீட்டைக் கட்டி முடித்த கையோடு, தச்சரான என் அப்பா எனக்குச் செய்து தந்தது. இங்கே படி பதினொன்று என்றால் அதிலும் பதினொன்று. தெருவுக்கே தெரியும்.

"அதுல அந்தக் கதவு இருந்தா நான் வாய் தொறக்க மாட்டன்," என்றார் சலீம்.

மகன் திருப்பிக் காட்டினான். இருந்தது.

சலீம் குனிந்து பார்த்தார். "சரி... பேச்சுண்டா பேச்சுதான்." எழுந்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

"உக்காருங்க தம்பி," என்றேன். "அந்தக் கதவு நான் வெட்டுனது."

எட்டு வயதில். என் பொம்மை பெரியவளாகிவிட்டாள். சடங்கு முடியும்வரை சாமியறைப் பக்கம் வரக்கூடாது. முன்வாசலுக்கோ அதைத் தாண்டித்தான் போகவேண்டும். பாவம், எப்படிப் போவாள்? அடுப்படிக் கத்தியை எடுத்தேன். தடவிப் பார்த்தால் விளிம்பெல்லாம் சொரசொரப்பு. அப்பாவின் உளி அப்படியா வெட்டும்?

அப்பா அடிக்கவில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். சலீமின் வாப்பாவிடம் வழி கேட்டு வாங்கி, நிஜ வீட்டுச் சுவரையும் அதே இடத்தில் உடைத்துக் கதவு வைத்தார். பொம்மையைப் பார்த்துத்தான் வீடு!

"ஒங்கள யாரும்மா கேட்டா?" என்றான் மகன்.

"கேட்டு வாங்குன வழிய நம்மளுதுன்னு சொல்லலாமாடா?"

சலீம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மதிலுக்குக் கல் இறக்கியாயிற்று, இன்னும் கட்டவில்லை. ஆட்டோ ரோட்டில் நிற்கிறது. மகன் என்னோடு பேசி நான்கு நாள்.

கவிதா, எழுதினதை வாசி பார்ப்போம். சத்தமா வாசி... உங்கப்பா அடுத்த அறையிலதான் இருக்கான்.