நனையாத சணல்

மதிய லுஹர் பாங்கு ஓய்ந்த நேரத்தில் செய்தி வந்தது. ஜொபேதா ஆபா சிராஜ்கஞ்ச் மருத்துவமனையில் இறந்துவிட்டார். படகுப் பட்டறையின் மேற்பார்வையாளனான ஆரிஃபின், தன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஜமுனா ஆற்றங்கரைவரை போய்த் திரும்பினான்.

வயதில் மூத்தவர்களும் அவரை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். சணல் மில் மூடும்வரை அங்கே நாரைப் பதப்படுத்தும் பிரிவில் இருந்தவர். சணல் துணியை அடுக்கி ரெசின் என்ற பிசினை ஊற்றி இந்தப் பட்டறையில் படகு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானாக வந்து வேலை கேட்டார். சாக்காகவே பார்த்துப் பழகிய சணல் ஒருநாள் ஆற்றில் ஆள் ஏற்றிப் போக வேண்டும், அதைப் படகோட்டும் மாஜிகள் நம்பி ஏற வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

முதல் படகு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அடிப்பக்கம் அப்பளம்போலப் பொரிந்து, அடுக்கடுக்காகப் பிரிந்தது. படகுத்துறையில் அத்தனை பேர் முன்னால் கோலாம் மாஜி சிரித்தார். "சாக்குக்கு வார்னிஷ் அடிச்சு ஆத்துல விட்டா படகாயிடுமா? அதுல உருளைக்கிழங்கு கட்டி சந்தைக்கு அனுப்புங்க."

துணியை ஊறவைக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலை ஆரிஃபின் மாற்றிப் பார்த்தான். ரெசினை மாற்றினான். மறுபடியும் பொரிந்தது. இன்னொன்றும் கெட்டால் பட்டறையைப் பூட்டுவதைத் தவிர வழியில்லை.

ஒருநாள் காலை, துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆபா பாதியில் நின்று தன் கையைப் பார்த்தார். அதில் தண்ணீர்க் குவளை இருந்தது. மில்லில் எண்ணெயும் தண்ணீரும் தெளிக்காமல் சணலைத் தொடவே மாட்டார்கள்; காய்ந்தால் நார் முறியும். சோடாவில் ஊறி, கழுவி, காடித் தண்ணீரில் அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துணிக்கு அவர் தினமும் அந்தப் பழக்கத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்த ஈரம்தான் ரெசினை நாரோடு ஒட்டவிடாமல் தடுத்திருக்கிறது.

"தம்பி, உங்க சோடா மேல தப்பில்ல. என் கைதான்" என்றார்.

ஆரிஃபினும் சணல் பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை. அவர் தெளிப்பதைத் தினமும் பார்த்தவன். சணலுக்குத் தண்ணீர் தெளிப்பது அவன் கண்ணுக்கும் தப்பாகப் படவில்லை. "நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன் ஆபா" என்றான்.

குவளையை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அதன்பின் துணியை இரண்டு பக்கமும் வெயில் காட்டாமல் கொடியிலிருந்து எடுக்கமாட்டார். கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் குளிர்ச்சி தட்டினாலும் மறுபடி கொடிக்குப் போகும்.

வெள்ளம் வந்தபோது கோலாம் மாஜியின் மரப்படகு பழுதாகிக் கரையில் கிடந்தது. வேறு வழியில்லாமல், அப்படிக் காய்ந்த துணியில் செய்த புதிய சணல் படகைக் கேட்டு வந்தார். மணல்திட்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தையும் அவர்கள் காளையையும் ஏற்றி வரும்போது, மிதந்து வந்த மரம் ஒன்று படகின் பக்கவாட்டில் இடித்தது. மேலே ஒரு நீளக் கீறல். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

துறையில் இறங்கியவரிடம் ஆபா கேட்டார்: "என்ன மாஜி, சாக்கு நனைஞ்சுதா?"

மாஜி லுங்கியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "காளை நனைஞ்சுது. நான் நனைஞ்சேன். உன் படகு நனையல, ஆபா."

அன்று ஆபா துறையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தானே தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் நடையே மாறிவிட்டது என்று பட்டறைப் பெண்கள் கேலி செய்தார்கள். அவர் மறுக்கவில்லை. அந்தக் கீறலுக்கு வண்ணம் பூசவும் விடவில்லை. பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றார். இன்று துறையில் ஓடும் படகுகளில் பாதி அவர் கை காயவைத்த சணல்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். சந்தூக்குப் பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்தவர்களில் முதல் ஆள் கோலாம் மாஜி. தனக்கென்று ஒரு சணல் படகு வேண்டுமென்று போன வாரம்தான் அவர் சொல்லியிருந்தார்.

ஆரிஃபின் திரும்பி வந்து பட்டறை முற்றத்தில் நின்றான். அந்தப் படகுக்கான துணி மூங்கில் கொடியில் தொங்கியது. ஒரு பக்கம் காய்ந்திருந்தது. மறுபக்கம் இன்னும் திருப்பிப் போடப்படவில்லை.