சீசாவில் வந்த முதல் தரம்

பிள்ளை ஏன் பிறக்கவில்லை என்று ஆராயும் உத்தியோகத்தில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கே தெரியும்: மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது சுலபம், பார்க்க வேண்டியதை ஓர் ஆண்பிள்ளையிடம் கேட்டு வாங்குவதற்குள்தான் உயிர் போய்விடும்.

சென்னையில் இருந்த எங்கள் துரை காலி சீசாக்களைக் கட்டிக் கொடுத்து, "மலைக்குப் போ" என்றார். போனேன். மைக்ராஸ்கோப்பு கூலியாள் தலையில், உயிர் என் தொண்டையில். அப்படித்தான் கொல்லிமலை ஏறி வாழவந்தி நாட்டில் குடியேறினேன்; அந்த மலையில் பத்துப் பன்னிரண்டு ஊர் சேர்ந்தாலே அது ஒரு 'நாடு'.

வெறுஞ்சீசா ஆகாது

முதலில் வந்தவள் நல்லம்மா. கலியாணமாகிப் பல வருஷம், பிள்ளையில்லை. அறுவடை முடிந்ததும் மகனுக்கு இன்னொரு பெண் கட்டுவதாக மாமியார் செல்லாயி சொல்லிவிட்டாளாம். "கொறை யாருகிட்டன்னு சொல்லிப்போடுங்க டாக்டருங்க. எங்கிட்டன்னா நானே பொறந்த ஊட்டுக்குப் போயிர்றேன்" என்றாள். சோதித்தேன். எனக்குத் தெரிந்த வரை அவளிடம் ஒரு குறையும் இல்லை. புருஷன் சடையனை வரவழைத்தேன்.

சீசாவை நீட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டே, சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். அவனும் பலமாகத் தலையாட்டினான். மறுநாள் சீசா நிறைய மலைத்தேன் வந்தது! என்னப்பா இது என்றேன். "நீங்க சொன்னது ஒண்ணும் புரியலீங்க. ஆனா ஊட்டுக்கு வந்த சீசாவ வெறுசாத் திருப்பலாமுங்களா?"

மடிக்குள் ஒரு திருவிழா

வெட்கத்தை விட்டேன். காளை, பசு என்று உடைத்தே சொன்னேன். சடையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியே போனான். ஒருவழியாக ஒருநாள் சீசாவை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். லென்ஸில் கண்ணை வைத்தேன். அடடா, என்ன கூட்டம், என்ன ஓட்டம்! தேர்த் திருவிழா கெட்டது. "முதல் தரம்!" என்று கத்தியேவிட்டேன்.

செல்லாயி அன்றைக்கே வளப்பூர் நாட்டுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள். நல்லம்மா என் வாசலில் வந்து நின்றாள். "அப்ப கொறை எங்கிட்டத்தானுங்களா?" என்றாள்.

மிளகு வியாபாரம்

சில நாள் கழித்து ஒரு மீசைக்காரர் ஜம்மென்று வந்து உட்கார்ந்தார். சடையனின் அண்ணன் வெள்ளையன். வீடு கொள்ளாமல் பிள்ளைகள். "ஏனுங்க, நம்ம சரக்கு முதல் தரம்னீங்களாமே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சடையன் வீட்டுக்கு ஓடினேன். அவனிடம் துளி வெட்கமும் இல்லை. மிளகு வாங்க வியாபாரி வந்தால் சொந்தக் கொடியில் பறித்ததையா காட்டுவார்கள்? ஊரிலேயே எது உசத்தியோ அதைத்தான் எடுத்து நீட்டுவார்களாம். "மாதிரி கேட்டீங்க, நல்லதாப் பாத்துக் காட்டறதுதானுங்களே மொறை?" என்றான்.

வெற்றிலைத் தட்டு

அடப்பாவி! புதுச் சீசாவைக் கையில் திணித்து, அறைக்குள் தள்ளி, கதவுக்கு நானே காவல் நின்றேன். அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடினேன். லென்ஸில் பார்த்தால் ஈ காக்கை இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவையும் தூக்கக் கலக்கத்தில் கிடந்தன.

திரும்பி வந்தபோது செல்லாயி வெற்றிலைத் தட்டோடு வளப்பூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள், பரிசம் போட. வழிமறித்து எல்லாவற்றையும் சொன்னேன். சடையனின் முகம் செத்துப்போயிற்று. செல்லாயி தட்டைக் கொண்டுபோய் மருமகள் முன்னால் வைத்தாள். "நாயம்னா நாயந்தான். கொறை அவங்கிட்டன்னா உனக்குத்தான் வேற மாப்பிள்ளை பாக்கோணும். எந்த நாட்டுல பாக்கட்டும் கண்ணு?"

நல்லம்மா, சடையனுக்கு வேர்த்துக் கொட்டும் வரை அவனையே மேலும் கீழும் பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, என்னத்தைச் சொல்ல! "வேண்டாமுங்கத்தே, இவரே இருக்கட்டும். ஒரு சீசாவக் குடுத்தா அண்ணங்கிட்ட ஓடற இந்த ஆள வளத்தறதே எனக்கு ஒரு புள்ளைய வளத்தற மாதிரித்தான்."

மலையிறங்கியதும், துரை கொடுத்த சீசாவை வெறுமையாகத் திருப்பலாமா என்று தேன் ஊற்றியே கொடுத்தேன். அது எந்தச் சீசா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.