குரங்குக் கூண்டும் என் கேன்டீனும்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பைப் கம்பெனிக்குள் கேன்டீன் நடத்தினேன். தகரக் கூரை போட்ட கொட்டகை, ரெண்டு அடுப்பு, வாய் ஓயாத நான்: அதுதான் கேன்டீன். என் இட்லிக்குப் பெரிய ரசிகர்கள் கூரைமேல் இருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு மயிர்க்கை நீளும், தட்டோடு இட்லி போய்விடும். ஆட்கள் பட்டினியாக மிஷினுக்குத் திரும்புவார்கள்.

ஒருநாள் மேனேஜர் வந்து, "இந்தாம்மா, திங்கக்கிழமைக்குள்ள குரங்கு போகணும். இல்லேன்னா புதுவாயல் ஓட்டல்காரருக்குக் கேன்டீனைக் குடுத்துடுவேன்" என்றார். வீட்டில் என் புருஷன் படுத்த படுக்கை. இந்த அடுப்பு அணைந்தால் அந்த அடுப்பும் அணையும். கோபம்தான் வந்தது. திருடியது குரங்கு, அதட்டல் எனக்கா?

கம்பெனி ஃபிட்டர் கம்பி வலையில் ஒரு கூண்டு செய்தான். உள்ளே தொங்கும் பழத்தை இழுத்தால் கதவு விழும். அதைக் கூரைமேல் வைத்துக் கயிற்றால் கட்டினான். மறுநாளே ஒன்று மாட்டியது. மாட்டியது சும்மா இருக்குமா? கூண்டோடு குதித்தது. கயிறு அறுந்து, கூண்டு தகரத்தில் சறுக்கி, என் மாவு அண்டா பக்கத்தில் வந்து விழுந்து திறந்துகொண்டது. குரங்கு என்னை முறைத்துவிட்டு, ரெண்டு வடையும் எடுத்துக்கொண்டு போனது.

"இன்னாடா கட்டினே, பூச்சரமா?" என்றேன்.

"தகரத்த நம்பக்கூடாதுக்கா. அடியில கீற சட்டத்தோட முடுக்கணும்."

இந்த முறை கூண்டின் நாலு மூலைக்கும் இரும்பு ஆங்கிள் வைத்து, தகரத்தைத் துளைத்து, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டான். மழை ஒழுகாமல் ஓட்டைகளில் தார் அடைத்தான். நான் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கொட்டகை ஆடியது, கூண்டு ஆடவில்லை.

அதில் குரங்கு மாட்டியது சனிக்கிழமை காலையில். அதுதான் வினை. ஆஞ்சநேயர் கிழமையாச்சே! முதல் ஷிப்ட் மொத்தமும் கேன்டீன் வாசலில் கூடிவிட்டது. யாரோ ஏணியில் ஏறிக் கூண்டுக்கு வெற்றிலை மாலை சாத்தினார்கள். போல்ட்டைக் கழற்ற வேண்டிய ஃபிட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். குரங்கை ஊத்துக்கோட்டைப் பக்கம் காட்டில் கொண்டுபோய் விட வேண்டிய லாரி டிரைவரோ, "சாமியக் கூண்டுல ஏத்திக்கினு போவமாட்டேன்மா, பேஜாரு" என்று கையை விரித்தான்.

மிஷின்கள் சும்மா நிற்பதைப் பார்த்து மேனேஜர் கத்திக்கொண்டே வந்து ஏணியில் ஏறினார். மேலே போனதும் சத்தம் நின்றுவிட்டது. பின்னாலேயே நானும் ஏறினேன். உள்ளே இருந்தது தாய். வெளியே வலையைப் பிடித்துக்கொண்டு குட்டி. வலை வழியாக அது பால் குடிக்கப் பார்த்தது, எட்டவில்லை. திறந்துவிடச் சொல்லலாம். சொன்னால் போகப்போவது என் பிழைப்பு.

மேனேஜரே கதவைத் தூக்கினார். தாய் வெளியே வந்து, அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்துவிட்டு, குட்டியை அணைத்துக்கொண்டு ஓடியது. ஆசீர்வாதம் என்று கீழே எல்லாரும் கும்பிட்டார்கள்.

"சார், கேன்டீன்?" என்றேன்.

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். "அதுங்களைப் புடிக்க வேணாம். உன்னை அடைச்சுடலாம்."

அன்று மாலையே ஃபிட்டர் கூண்டைக் கழற்றினான். அந்த வலையையும் இன்னும் கொஞ்சம் வலையையும் சேர்த்து ஜன்னலுக்கும் வாசல் கதவுக்கும் அதே போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினான். கேன்டீன் என் கையை விட்டுப் போகவில்லை. நான் உள்ளே நின்று இட்லி சுட்டேன். குரங்குகள் குடும்பத்தோடு வந்து வலையைப் பிடித்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தன.